அலுமினியக் கோது ரவைகளோடு பிஸ்டல் பயிற்சி: பெட்டியைத் திறப்பது முதல் கை கழுவுவது வரை

அலுமினிய ரவைப் பெட்டியை முதல்முறை கையில் வாங்கும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். மகசினை (ரவைகளை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் உறையை) முழுவதும் நிரப்பி, வரிசையில் நின்று சுடத் தொடங்கிவிடுவார்கள். ஏழெட்டு ரவை நன்றாகப் போகும். அப்புறம் ஒன்று சிக்கும். சிக்கியது துப்பாக்கியாலா, மகசினாலா, ரவையாலா, பிடித்த கையாலா என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. நான்கையும் ஒரே நேரத்தில் புதிதாகச் சேர்த்துவிட்டால் எது குற்றவாளி என்று பிரித்தறிய முடியாது.

ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் தளத்தில், புதியவர்களுக்குப் பக்கத்தில் நின்று இதைப் பல தடவை பார்த்துவிட்டேன். பயிற்சிக்கு அலுமினியக் கோது நல்ல ரவைதான். ஆனால் அதை ஒரு ஒழுங்கில் அறிமுகப்படுத்த வேண்டும். அந்த ஒழுங்கைத்தான் கீழே தருகிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. ரவை என்று எழுதினால் முழுத் தோட்டா. அதன் முனையில் இருப்பது குண்டு, வெடிமருந்தைத் தாங்கும் உறை கோது, அடியில் வட்டமாக இருந்து, ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைப்பது பிரைமர். சேம்பர் என்பது குழலின் பின்முனையில் ரவை உட்காரும் இடம்.

1. தாள்களும் அனுமதியும்

இலங்கையில் துப்பாக்கியும் ரவையும் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. உங்கள் பெயரில் அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டால் சுடுதல் கழகத்தின் மேற்பார்வையில், கழகத்தின் துப்பாக்கியில், ரேஞ்சுக்குள் மட்டும் சுடுங்கள். “மிச்சம் நாலு ரவைதானே தம்பி, பையில் வைத்துக்கொள்” என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அந்த நாலு ரவை கொழும்பு காலி வீதிச் சோதனைச் சாவடி ஒன்றில் உங்கள் வாழ்க்கையையே திருப்பிவிடும்.

அடுத்து, அலுமினியக் கோதுக்கு அனுமதி உண்டா என்று ரேஞ்ச் அதிகாரியிடம் முன்கூட்டியே கேளுங்கள். உலகெங்கும் பல ரேஞ்சுகள் பித்தளை மட்டும் என்று விதி வைத்திருக்கின்றன. வெற்றுப் பித்தளைக் கோதுகளைச் சேர்த்து விற்கவோ, மறுபடி நிரப்பவோ செய்யும் இடங்களில் அலுமினியம் கலந்தால் யாராவது உட்கார்ந்து கையால் பொறுக்க வேண்டும். இரும்புக் கோதுகளைக் காந்தம் இழுத்துவிடும், அலுமினியத்தை இழுக்காது. அதனால்தான் அந்தத் தடை. வரிசையில் நின்ற பிறகு கேட்டால் அன்றைய நேரம் வீணாகிவிடும்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

கண்ணாடி, காதுக்கவசம், துப்பாக்கியின் கையேடு, ஒரு பெட்டி அலுமினிய ரவை. அதோடு, இதே துப்பாக்கியில் ஏற்கெனவே நன்றாக ஓடிய பித்தளை ரவை பத்துப் பதினைந்து. இந்தக் கடைசிப் பொருளைத்தான் புதியவர்கள் மறப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் இல்லாமல் சோதனை நடக்காது.

சிறிய கொப்பி, பேனை, சேம்பருக்கு ஏற்ற வெண்கலத் தூரிகை, சுத்தம் செய்யும் திரவம், கொஞ்சம் எண்ணெய், வெற்றுக் கோது போட மூடியுள்ள டப்பா ஆகியவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தை ஒட்டிய சட்டை போடுங்கள். சூடான கோது கொலருக்குள் விழுந்தால் பழகாதவர் துள்ளுவார், கையிலிருக்கும் துப்பாக்கி பக்கவாட்டில் திரும்பும். சூடு தோலைக் கொஞ்சம் பொசுக்கும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது திரும்பிய குழலுக்கு.

காதுக்கவசத்தில் சமரசம் வேண்டாம். 9 மி.மீ. பிஸ்டலின் வெடியோசை 150 டெசிபலைத் தாண்டும். 140 டெசிபலுக்கு மேற்பட்ட வெடியோசை ஒரே தடவையில்கூடக் காதைப் பாதிக்கக்கூடும். கூரை உள்ள ரேஞ்ச் என்றால் காதுக்குள் அடைப்பான், மேலே கவசம் என்று இரண்டும் போடுங்கள்.

3. குழலில் இருக்கும் எழுத்தும் பெட்டியில் இருக்கும் எழுத்தும்

“ஒன்பது எம்எம்” என்று வாயால் சொல்வது போதாது. 9 மி.மீ. லூகர், 9 மி.மீ. பரபெல்லம், 9×19 ஆகிய மூன்றும் ஒன்றுதான். ஆனால் 9 மி.மீ. மகரோவ் என்பது 9×18, அதன் குண்டும் சற்றுத் தடித்தது. 9 மி.மீ. ஷோர்ட் என்பது .380 ஓட்டோ, அதாவது 9×17. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடாது. குழலில் பொறித்திருப்பதை வாசித்து, பெட்டியில் அச்சிட்டிருப்பதை வாசித்து, பிறகு ரவையின் அடியில் பொறித்திருப்பதையும் வாசியுங்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் அடுத்த படி.

பெட்டியின் பெயரிலும் ஒரு சறுக்கல் உண்டு. அலுமினிய ரவைகளில் பரவலாகத் தெரிந்தது அமெரிக்காவின் சிசிஐ நிறுவனத்தின் பிளேசர். ஐடஹோ மாநிலத்து லூயிஸ்டன் ஊரிலிருந்து வருவது. அதே பிளேசர் பெயரில் பித்தளைக் கோது ரவையும் விற்கிறார்கள். பெயரை மட்டும் பார்த்து, “இந்தத் துப்பாக்கியில் பிளேசர் நன்றாக ஓடியது” என்று கொப்பியில் எழுதுபவர் எதை எழுதினார் என்பதே பிறகு தெரியாது. கோது எந்த உலோகம் என்பதையும் எழுதுங்கள்.

கையேட்டில் ரவை பற்றிய பக்கத்தை வாசியுங்கள். பித்தளை மட்டும் என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை, அலுமினியத்தை அந்தத் துப்பாக்கியில் போடாதீர்கள். சேம்பரின் உட்சுவரில் நீளவாக்கில் பள்ளங்கள் வெட்டிய பிஸ்டல்களிலும் (ஹெக்லர் அண்ட் கோக் பி7 அப்படிப்பட்டது) நான் பித்தளையோடு நின்றுகொள்வேன். வெடிக்கும் கணத்தில் அந்தப் பள்ளங்கள் வழியே வாயு கோதின் வெளிப்பக்கம் புகுந்து, கோது ஒட்டாமல் பின்னால் இழுபட உதவுகிறது. அந்த வேலையை மெல்லிய அலுமினியத்திடம் கேட்க மாட்டேன்.

4. ஒவ்வொரு ரவையையும் கையால் பாருங்கள்

50 ரவைப் பெட்டியை இப்படிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். வெளிச்சத்தில், துணி விரித்த மேசையில் வைத்துப் பாருங்கள்.

முதலில் நிறம். பித்தளை கெட்டால் பச்சை பிடிக்கும், அதை எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். அலுமினியம் கெட்டால் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். சாம்பல் நிறக் கோதில் அந்த வெள்ளை எளிதில் கண்ணில் படாது. பிரைமர் உட்கார்ந்திருக்கும் வட்டத்தின் விளிம்பைக் குறிப்பாகப் பாருங்கள். அலுமினியமும் வேறொரு உலோகமும் தொட்டுக்கொள்ளும் இடம் அது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் அரிப்பு அங்கிருந்து தொடங்கும். வெள்ளை பூத்த ரவையைத் துடைத்துச் சுடாதீர்கள், ஒதுக்கி வையுங்கள்.

அடுத்தது வடிவம். கோது மெல்லியது, கீழே விழுந்தால் நசுங்கும். நசுங்கியதை ஒதுக்குங்கள். பிரைமரின் மேல் விரலை ஓட்டுங்கள். அடித்தட்டுக்குச் சமமாகவோ சற்று உள்ளேயோ இருக்க வேண்டும், மேலெழுந்து நிற்கக்கூடாது.

கடைசியாக நீளம். ரவைகளை அடியை ஊன்றி வரிசையாக நிறுத்தி, பக்கவாட்டில் பாருங்கள். ஏதாவது ஒன்று குட்டையாக இருந்தால் அதன் குண்டு கோதுக்குள் அமிழ்ந்திருக்கிறது. உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் கூடும். 9 மி.மீ. லூகருக்கு அமெரிக்கத் தரப்படி உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்). இன்னொரு பிஸ்டல் ரவையான .45 ஏசிபிக்கு 21,000 தான். இந்த எல்லைக்கு மேல் போக விடும் எதையும் சுட வேண்டாம்.

இங்கேயே ஒரு பழக்கத்தைத் தடுத்துவிடுகிறேன். ஒரே ரவையை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பழகுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் குண்டின் மூக்கு சேம்பருக்கு ஏறும் சரிவில் மோதுகிறது, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. ஏற்றி இறக்கப் பழக வேண்டுமென்றால் அதற்கென விற்கும் போலி ரவையை வாங்குங்கள்.

5. சேம்பரைச் சுத்தம் செய்து, ரவை விழுகிறதா என்று பாருங்கள்

அழுக்குச் சேம்பரில் புது ரவையைச் சோதித்தால் நீங்கள் சோதிப்பது அழுக்கைத்தான். தூரிகையால் சேம்பரைத் தேய்த்து, துணியால் துடைத்து, உலர விடுங்கள். சேம்பருக்குள் எண்ணெய் தேங்கக்கூடாது. எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்குக் கீழே படிந்த கரியையும் ஒரு குச்சியால் எடுங்கள். கோதின் விளிம்பைப் பிடித்து இழுப்பது அந்தக் கொக்கிதான். அலுமினிய விளிம்பு நசுங்கக்கூடியது என்பதால், கொக்கி பாதிதான் பிடித்தால் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு கோதை உள்ளேயே விட்டுவிடும்.

துப்பாக்கி பிரிந்திருக்கும்போதே, ரேஞ்ச் அதிகாரி சொன்ன இடத்தில், குழலைத் தனியாக எடுத்துச் சேம்பர் மேலே பார்க்கப் பிடியுங்கள். ரவை ஒன்றை அதற்குள் போடுங்கள். தன் எடையிலேயே “டக்” என்று விழ வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். ஐந்தாறு ரவையை இப்படிப் பாருங்கள். தள்ள வேண்டியிருந்தாலோ, உள்ளே ஒட்டிக்கொண்டாலோ அந்த ரவையும் அந்தக் குழலும் ஒத்துப்போகவில்லை. இந்தச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். நிஜ ரவையும் துப்பாக்கியும் ஒரே மேசையில் சேர வேண்டிய இடம் ரேஞ்ச்தான்.

6. ஒன்று, இரண்டு, ஐந்து

வழிகாட்டியின் மையமே இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் பித்தளை ரவை ஐந்து. துப்பாக்கியும் மகசினும் உங்கள் கையும் இன்று ஒழுங்காக இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. இதில் சிக்கல் வந்தால் அலுமினியப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

பிறகு மகசினில் ஒரே ஒரு அலுமினிய ரவை. சுட்டதும் ஸ்லைட் (பிஸ்டலின் முன்பின் ஓடும் மேற்பாகம்) பின்னால் நின்றுவிட வேண்டும். நின்றால், சுழற்சி முழுமையாக நடக்கப் போதிய விசை இருக்கிறது. நிற்காமல் முன்னே வந்தால் கோது வெளியேறியதா என்று பாருங்கள். விசை போதவில்லையா, உங்கள் பெருவிரல் ஸ்லைட் நிறுத்தியின் மேல் கிடந்ததா என்று இரண்டையும் சந்தேகியுங்கள். ஒற்றை ரவையை மூன்று தடவை சுடுங்கள்.

அடுத்தது இரண்டு ரவை. முதல் ரவை வெடித்த பிறகு இரண்டாவது தானாக மேலேறி உட்காருகிறதா என்பது இங்கேதான் தெரியும். அதன் பிறகு ஐந்து. அதன் பிறகு முழு மகசின். மகசின்கள் இரண்டு இருந்தால் அவற்றுக்கு இலக்கமிட்டு, இரண்டிலும் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள்.

இடையில் நிறுத்தம் வந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். ஐந்தில் சிக்கினால் இரண்டுக்குப் போங்கள். அவசரப்பட்டு மேலேயே நின்றால் மறுபடி அதே குழப்பம்தான்.

7. வெற்றுக் கோதை வாசியுங்கள்

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும், அதிகாரி அனுமதித்த பிறகு, கோதுகளைப் பொறுக்கிப் பாருங்கள்.

பக்கவாட்டில் லேசான கரி படிந்திருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. வெடிக்கும்போது கோது விரிந்து சேம்பர் சுவரை அடைக்கிறது. அழுத்தம் குறைந்த ரவையில் அந்த அடைப்பு சற்றுத் தாமதமாகும், புகை பின்னால் கசியும். பித்தளையிலும் இது உண்டு.

விளிம்பில் கொக்கியின் தடம் சிறிதாக இருப்பது வழமை. விளிம்பு வளைந்தோ கிழிந்தோ இருந்தால் கோது ஒட்டிக்கொண்டு பலவந்தமாக இழுபட்டிருக்கிறது. சேம்பரை மறுபடி சுத்தம் செய்து இன்னும் மூன்று ஒற்றை ரவை சுடுங்கள். அப்போதும் கிழிந்தால் இந்தத் துப்பாக்கிக்கு இந்த ரவை வேண்டாம் என்று எழுதி மூடிவிடுங்கள். கோதின் அடிப்பக்கம் புடைத்திருந்தாலும், நீளவாக்கில் பிளந்திருந்தாலும், பிரைமர் துளைபட்டிருந்தாலும் அன்றைக்கு அந்தப் பெட்டியை நிறுத்திவிட்டு, அனுபவமுள்ள ஒருவரிடம் கோதைக் காட்டுங்கள்.

கோது எங்கே விழுகிறது என்பதையும் கவனியுங்கள். 9 மி.மீ. பித்தளைக் கோது ஏறத்தாழ 4 கிராம். அலுமினியக் கோது அதில் பாதிக்கும் குறைவு. காற்று வீசும் திறந்த ரேஞ்சில் இது வேறு இடத்தில் விழும். அதை மட்டும் வைத்துத் துப்பாக்கி பழுது என்று முடிவு கட்டாதீர்கள்.

8. நின்றுபோனால் என்ன செய்வது

ட்ரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி எண்ணுங்கள். தாமதமாக வெடிக்கும் ரவை அரிது, ஆனால் உண்டு. அப்புறம் மகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து ரவையை வெளியேற்றுங்கள். பிரைமரில் பள்ளம் ஆழமாக இருந்தால் ரவையில் குறை. மெல்லிய பள்ளம் என்றால் அடித்த ஊசியையும் அதன் சுருள்வில்லையும் சந்தேகியுங்கள்.

“புஸ்” என்று மெலிந்த சத்தம், கையில் உதைப்பே இல்லை. அந்தக் கணமே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த ரவையைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். இதில் மட்டும் “இன்னொன்று பார்ப்போம்” என்ற பேச்சுக்கு நான் யாருக்கும் இடம் கொடுப்பதில்லை. கையை உயர்த்தி அதிகாரியைக் கூப்பிடுங்கள். குழலுக்குள் கம்பியை விட்டு அவர் பார்க்கட்டும்.

வெற்றுக் கோது வெளியேறும் வாயில் நெட்டாக நின்றுவிடுவது புதியவர்களுக்கு அடிக்கடி வரும். உடனே “அலுமினியம் சரியில்லை சேர்” என்பார்கள். பெரும்பாலும் மணிக்கட்டுத் தளர்ந்திருப்பதுதான் காரணம். கை பின்னால் போனால் ஸ்லைடுக்கு எதிர்ப்பு குறைகிறது, அது முழுத் தூரம் போவதில்லை. பிரித்தறியும் வழி எளிது. அதே துப்பாக்கி, அதே மகசின், அதே அலுமினிய ரவையோடு பழகிய ஒருவர் ஐந்து சுடட்டும். அவர் கையில் ஓடினால் உங்கள் பிடியைத் திருத்துங்கள். அவருக்கும் நின்றால், அதே மகசினில் பித்தளை போட்டு அவரே சுடட்டும். பித்தளை ஓடினால் ரவை, பித்தளையும் நின்றால் துப்பாக்கி அல்லது மகசின்.

ஒரு மாலை, பல்கலைக்கழகம் போகும் தங்கச்சி ஒருத்தி நான்கு தடவை இப்படி நின்ற பிறகு பெட்டியை மூடப் போனாள். வாங்கி நான் சுட்டேன், ஐந்தும் ஓடின. பிடியை இறுக்கி, முழங்கையைக் கொஞ்சம் நேராக்கச் சொன்னேன். மீதி முப்பத்திரண்டு ரவையையும் நிற்காமல் சுட்டு முடித்தாள்.

கோது சேம்பரில் ஒட்டி வரவே இல்லை என்றால் ஸ்லைடை மேசை விளிம்பில் அடிக்காதீர்கள், குழல் முனையைத் தரையில் குத்தாதீர்கள். அதிகாரியிடம் கொடுங்கள். அலுமினியத்தைப் பலமாக இழுத்தால் விளிம்பு பிய்ந்து, பிடிக்க ஒன்றுமே இல்லாத குழாய் உள்ளே மிஞ்சும்.

9. ரிவோல்வர் என்றால்

ரிவோல்வரில் கோதுகளை ஒரே தள்ளில் வெளியேற்றுகிறோம். ஒன்று ஒட்டினாலும் ஆறும் நிற்கும். .357 மேக்னம் ரிவோல்வரில் .38 ஸ்பெஷல் சுடலாம், மறுபுறம் முடியாது. ஆனால் .38 கோது குட்டை. அது முடியும் இடத்துக்கு முன்னால் சேம்பரில் கரி வளையம் படியும். அதன் மேல் நீளமான .357 அலுமினியக் கோதை ஏற்றினால் இறுகும். ஆகவே முதலில் .357, பிறகு .38 என்று சுடுங்கள், அல்லது நடுவில் தூரிகை போடுங்கள். வெளியேற்றும்போது குழலை நேரே மேலே பிடித்து, கோதுகளைத் தள்ளும் கம்பியை ஒரே வீச்சில் கடைசி வரை அழுத்துங்கள்.

10. பயிற்சியில் கலக்காதீர்கள்

சோதனை முடிந்து 50 ரவை நிற்காமல் ஓடிவிட்டால் அந்த ரவையை நம்பிப் பயிற்சி செய்யலாம். ஒரே மகசினில் பித்தளையும் அலுமினியமும் கலக்க வேண்டாம். மருந்தும் குண்டின் எடையும் வேறுபட்டால் குண்டு படும் இடம் மாறும். சிதறியது உங்கள் கையாலா, ரவையாலா என்று இலக்குத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போகும். ஐந்து ஐந்தாகச் சுட்டு, ஒவ்வொரு ஐந்தையும் தாளில் வட்டமிடுங்கள். போட்டிக்குத் தயாராகிறவர்கள் போட்டி ரவையிலேயே கடைசிச் சில பயிற்சிகளைச் செய்யுங்கள்.

கொப்பியில் திகதி, துப்பாக்கி, மகசின் இலக்கம், பெட்டியில் அச்சிட்ட தொகுதி இலக்கம், சுட்ட எண்ணிக்கை, நின்ற எண்ணிக்கை, மிஞ்சிய எண்ணிக்கை. கடைசி எண் சட்டத்துக்கும் பதில் சொல்லும்.

11. பொறுக்குவது, பிரிப்பது, கழுவுவது

அலுமினியக் கோது ஒருமுறைப் பொருள். ஒருதரம் விரிந்த அலுமினியத்தை மறுபடி அளவுக்குப் பிழிந்தால் கீறல் விழும். சிலவற்றின் அடியில் மறுபடி நிரப்பக்கூடாது என்பதற்காக என்ஆர் என்று பொறித்திருப்பார்கள். சில அலுமினியக் கோதுகளில் பித்தளையைப் போலவே பாக்சர் வகைப் பிரைமர் இருப்பதால், மறுபடி நிரப்பும் கருவியில் போட்டால் பழைய பிரைமர் கழன்றுவிடும். அதைப் பார்த்து நிரப்பலாம் என்று நினைப்பது ஆபத்து. தனி டப்பாவில் போட்டு, ரேஞ்ச் சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள்.

நினைவுக்காக ஒரு கோதைப் பையில் போட்டுக்கொள்ளும் ஆசையையும் விட்டுவிடுங்கள். அந்தப் பையோடு கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனால் ஸ்கானரில் அது தெரியும், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது.

கோது அலுமினியமானாலும் பிரைமரிலும் குண்டிலும் பெரும்பாலும் ஈயம் இருக்கும். குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு கையையும் முகத்தையும் கழுவிய பிறகுதான் தேநீர், சிற்றுண்டி. சுட்ட உடுப்போடு வீட்டில் குழந்தையைத் தூக்காதீர்கள்.

12. கொழும்பின் ஈரத்தில் சேமிப்பது

வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர்களுக்குத் தெரியும், யன்னல் கம்பி எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கும் என்று. அந்த உப்புக் காற்றுதான் நான்காம் படியில் சொன்ன வெள்ளைப் பொடிக்கும் காரணம். அனுமதியோடு ரவை வைத்திருப்பவர்கள் அதை அட்டைப் பெட்டியிலேயே வைத்து, ரப்பர் விளிம்புள்ள இறுக்கமான டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். டப்பாவும் பொட்டலமும் புறக்கோட்டையில் கிடைக்கும். நிறம் மாறும் ஜெல்லை வாங்கினால் எப்போது உலர்த்த வேண்டும் என்று கண்ணாலேயே தெரியும்.

குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த டப்பாவை வெக்கையில் உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். ரேஞ்சுக்குப் போய், டப்பா வெளிச்சூட்டுக்கு வரும்வரை அரை மணி நேரம் மூடியபடியே வைத்துவிட்டுத் திறவுங்கள். தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்குவதற்கு முன் ஒரு தடவை, அது ஓய்ந்த பிறகு ஒரு தடவை, எல்லா ரவையையும் வெளியே எடுத்து, பிரைமர் விளிம்பை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய பெட்டி முன்னே, புதியது பின்னே. வாங்கிய மாதத்தைப் பெட்டியின் பக்கவாட்டில் பேனையால் எழுதிவிடுங்கள்.